சிறுதொழிலுக்கு பிராண்ட் எதற்கு, நல்ல படம் எதற்கு?

புதிதாகத் தொழில் தொடங்கிய ஒருவரிடம் "பிராண்டிங் வேலை முடிந்ததா?" என்று கேட்டால், "லோகோ போட்டாகிவிட்டது" என்று பதில் வரும். கன்டென்ட் மார்க்கெட்டிங் பற்றிக் கேட்டால், "தினமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கிறோம், பண்டிகைக்கு வாழ்த்துப் படம் போடுகிறோம்" என்பார்கள். படங்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்றால், கூகுளில் தேடி எடுத்துக்கொள்வதாகச் சொல்வார்கள். சோம்பல்பட்டவர்களின் பதில்கள் அல்ல இவை. காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு வரை உழைப்பவர்கள்தான் இப்படிச் சொல்கிறார்கள். பிராண்ட், கன்டென்ட், படம் ஆகிய மூன்றும் எதற்காக இருக்கின்றன என்று யாரும் அவர்களுக்குப் பொறுமையாக விளக்கியதில்லை. விளக்க வேண்டியவர்கள் பெரும்பாலும் லோகோ விற்கவே வருகிறார்கள்.

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால், கட்டுரை முழுக்க ஒரே தொழிலை எடுத்துக்கொள்கிறேன்: மரச்செக்கு எண்ணெய். தமிழ்நாட்டில் காங்கேயம் போன்ற பழைய எண்ணெய் ஊர்களில் மட்டுமல்லாமல், இப்போது ஏறக்குறைய எல்லா நகரங்களிலும் ஒரு சிறு செக்குக் கடையாவது இருக்கிறது. நீங்கள் இட்லிப் பொடி விற்பவராகவோ, சுங்குடிச் சேலை விற்பவராகவோ இருந்தாலும் இதே விஷயங்கள் உங்களுக்கும் பொருந்தும்.

கல்யாணச் சமையல்காரரின் பெயர்

ஊரில் பெயர் வாங்கிய கல்யாணச் சமையல்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எங்கும் விளம்பரப் பலகை வைத்திருக்க மாட்டார். யார் வீட்டுக் கல்யாணத்திலோ சாப்பிட்டவர்கள் இலையை மடிக்கும்போதே "சமையல் யாருடையது?" என்று விசாரிப்பார்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு அவருக்கு அழைப்பு போகும்.

இதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. அவர் பெயரைக் கேட்டதும் "அவர் செய்தால் சாம்பார் சரியாக இருக்கும், நேரத்துக்குப் பந்தி போடுவார்" என்ற எண்ணம் எழுகிறதே, அதுதான் பிராண்ட். அது அவருடைய வீட்டில் இல்லை, ஊராரின் மனத்தில் இருக்கிறது. அவரை இன்னும் அமர்த்தாதவர்களும் ஏதோ ஒரு பந்தியில் அவர் சமையலைச் சாப்பிட்டுப் பார்த்தார்களே, அதுதான் கன்டென்ட் மார்க்கெட்டிங்: வாங்கும் முன்பே, வாங்காவிட்டாலும்கூட, ஒருவருக்குப் பயன்படும் ஒன்றைக் கொடுத்து அதன் வழியாக அறிமுகமாவது. சாப்பிடும் முன்பே பரிமாறிய இலையைப் பார்த்து "கைதேர்ந்தவர் வேலை" என்று புரிந்துகொள்கிறோமே, அந்த இடத்தைத்தான் இணையத்தில் படம் பிடித்துக்கொள்கிறது.

லோகோ இந்த மூன்றில் எங்கே வருகிறது? சமையல்காரரின் விசிட்டிங் கார்டில் வருகிறது. கார்டு வேண்டும்தான். கார்டு இல்லாவிட்டால் தேடி வருபவர் தொலைந்துபோவார். ஆனால் கார்டைப் பார்த்துச் சமையல்காரரை யாரும் அமர்த்துவதில்லை.

வாங்குபவருக்குத் தெரியாத ஒன்று

பெயர் ஏன் இவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது? இதற்குப் பொருளாதாரத்தில் தெளிவான விளக்கம் ஒன்று உண்டு. 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், பழைய கார் சந்தையை உதாரணமாகக் காட்டி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பின்னாளில், 2001இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் இத்துறைக்காகத்தான். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் காரையும் சந்தேகப்பட்டு, எல்லாவற்றுக்கும் குறைந்த விலையே கொடுக்கத் துணிகிறார். அந்த விலைக்கு நல்ல காரை விற்றால் நஷ்டம் என்பதால் நல்ல கார் வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகுகிறார். கடைசியில் மட்டமான கார்களே மிஞ்சுகின்றன. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத இந்த நிலையைத்தான் தகவல் சமமின்மை என்கிறார்கள்.

அதே கட்டுரையில் அகர்லாஃப் இந்தியாவையும் குறிப்பிடுகிறார். கடையில் வாங்கிய அரிசியில் வேண்டுமென்றே கலக்கப்பட்ட, அரிசி நிறத்திலேயே இருக்கும் கற்களை இந்திய இல்லத்தரசிகள் பொறுக்கி எடுக்க வேண்டியிருப்பதைச் சொல்கிறார். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கும் அம்மாக்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

செக்கு எண்ணெய்க்கு வருவோம். ஒரு லிட்டர் நல்லெண்ணெய் எடுக்க இரண்டு கிலோவுக்கு மேல் எள் வேண்டும். அதனால் விலை கூடுகிறது. பக்கத்துக் கடையில் அதே நிறத்தில், அதே பாட்டிலில், "மரச்செக்கு" என்று எழுதிய இன்னொரு எண்ணெய் பாதி விலைக்குக் கிடைக்கிறது. இரண்டையும் பார்த்துக்கொண்டு நிற்பவரால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. வாங்கி, வீட்டில் ஊற்றி, சமைத்துப் பார்த்தால்தான் ஓரளவு தெரியும். கலப்படம் நுட்பமாக இருந்தால் அப்போதும் தெரியாது.

இந்த இடைவெளியை நிரப்பும் வழிகளில் ஒன்றாக அகர்லாஃப் சொல்வது பிராண்ட் பெயரை. பெயர் போட்டு விற்பவர் ஏமாற்றினால், அடுத்த முறை அந்தப் பெயரையே மக்கள் ஒதுக்கிவிடலாம். பெயர் இல்லாதவரை அப்படித் தண்டிக்க வழியில்லை. பெயரை முன்னால் வைப்பவர் தன் வருங்கால வருமானத்தைப் பணயம் வைக்கிறார் என்பதாலேயே வாங்குபவருக்கு ஒரு தைரியம் பிறக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: வாங்குபவரால் முன்கூட்டியே சோதிக்க முடியாத தரத்துக்கு விற்பவர் கொடுக்கும் உறுதிமொழி பிராண்ட். அந்த உறுதிமொழியை நம்புவதற்கு வாங்குபவருக்கு ஏதாவது சான்று வேண்டும். எழுத்தும் படமும் அந்தச் சான்றைக் கொடுப்பதற்காகத்தான் இருக்கின்றன. இது புரிந்துவிட்டால் எந்தப் படம் போடலாம், எதைப் போடக்கூடாது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

அணில் மார்க், சேவல் மார்க்

சான்று இருந்தால் மட்டும் போதாது. இன்று பார்த்தவர் அடுத்த மாதம் பார்க்கும்போது "இவர்கள்தானே அவர்கள்" என்று அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். இந்த வித்தையில் தமிழ்நாட்டுக்கு நூறாண்டு அனுபவம் உண்டு, சிவகாசி வழியாக.

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீக்குச்சி செய்யக் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்காக அச்சுத் தொழிலும் அங்கே வளர்ந்தது. அன்றைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஆகவே லேபிளில் பெயரைவிடப் படமே பெரிதாக இருக்கும். பட்டாசுக்கும் அதுவே வழக்கமானது. கடையில் போய் "அணில் மார்க் கொடுங்கள்", "சேவல் மார்க் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். தயாரிப்பவரின் முழுப் பெயர் தெரியாமலேயே அவர் சரக்கைத் தேடி வாங்க ஒரு படம் போதுமாக இருந்தது.

இதன் பின்னாலிருக்கும் மனவியல் காரணங்கள் இரண்டு. முதலாவது, படம் மனத்தில் தங்கும் அளவுக்கு எழுத்து தங்குவதில்லை. 1973இல் லயனல் ஸ்டேண்டிங் என்ற உளவியலாளர் பத்தாயிரம் படங்கள் வரை மனிதர்களுக்குக் காட்டிச் சோதித்தார். பிறகு கேட்டபோது அவற்றில் பெரும்பாலானவற்றை முன்பு பார்த்ததாக அவர்களால் அடையாளம் காட்ட முடிந்தது. இரண்டாவது, திரும்பத் திரும்பப் பார்ப்பதே பிடிப்பை உண்டாக்குகிறது. 1968இல் ராபர்ட் ஸாயன்ஸ் என்ற உளவியலாளர், அர்த்தம் தெரியாத சொற்களையும் வடிவங்களையும்கூட அடிக்கடி பார்த்தவர்கள் அவற்றைக் கூடுதலாக விரும்பத் தொடங்குவதைக் காட்டினார். இதற்கு வெறும் அறிமுக விளைவு என்று பெயர் சொல்லலாம்.

ஆனால் ஒன்றையே திரும்பப் பார்த்தால்தானே இது நடக்கும்! ஒரு மாதம் பச்சை, அடுத்த மாதம் மஞ்சள், தீபாவளிக்கு ஊதா என்று மாற்றிக்கொண்டே போனால், பார்ப்பவருக்கு ஒவ்வொரு தடவையும் நீங்கள் புதியவர். அமுல் வெண்ணெய்ச் சிறுமி 1966 முதல் அதே புள்ளிச் சட்டையில்தான் வருகிறாள். அவள் பேசும் செய்தி மட்டும்தான் வாராவாரம் மாறுகிறது. மாற வேண்டியது எது, மாறக்கூடாதது எது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

செக்கு எண்ணெய்க்காரர் மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை. ஒரு பெயர், ஒரு சின்னம், இரண்டு நிறங்கள், ஓர் எழுத்துரு. படம் எடுக்கும் பின்னணியையும் நான் இதில் சேர்ப்பேன். காவி நிறச் சிமெண்டுத் தரையோ, பழைய மரப்பலகையோ, எதுவாக இருந்தாலும் எல்லாப் பாட்டிலும் அதே இடத்தில் நிற்கட்டும். நான்கைந்து மாதங்களில் லோகோ தெரியாவிட்டாலும் படத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

எழுத்துரு பற்றித் தமிழில் தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அச்சகத்தில் லேபிள் வடிவமைப்பவர்கள் பலர் இன்னமும் யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருக்களையே பயன்படுத்துகிறார்கள். யூனிகோட் என்பது எல்லாக் கருவியிலும் ஒரே எழுத்து ஒரே எழுத்தாகவே தெரிவதற்கான பொது ஏற்பாடு. பழைய எழுத்துருவில் செய்த லேபிள் வாசகத்தை நகலெடுத்து ஃபோனில் ஒட்டினால் வெறும் குறிகளாக நிற்கும். அப்புறம் லேபிளில் ஒரு எழுத்து, ஃபேஸ்புக்கில் வேறொரு எழுத்து என்று ஆகிவிடும். முக்தா மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை இலவசமாகவும் வணிகப் பயன்பாட்டுக்கு உரிமையோடும் கிடைக்கும் யூனிகோட் எழுத்துருக்கள். ஒன்றைத் தேர்ந்து, லேபிள் முதல் பில் வரை அதையே வையுங்கள். நிறத்துக்கும் கணினியில் ஆறு இலக்கக் குறியீடு ஒன்று இருக்கும். அதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அச்சகத்துக்கும் படம் வடிவமைப்பவருக்கும் அதையே கொடுங்கள். திரையில் தெரியும் நிறம் அச்சில் சற்று மங்கும் என்பதால், மொத்தமாக அடிக்கும் முன் ஒரு மாதிரி அச்சைக் கேட்டு வாங்கிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

எதை எழுதுவது?

கன்டென்ட் மார்க்கெட்டிங் இன்ஸ்டாகிராமோடு பிறந்தது அல்ல. பிரான்ஸின் மிஷ்லன் டயர் நிறுவனம் 1900இல் கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு கையேட்டை இலவசமாகக் கொடுத்தது. அதில் டயரை மாற்றுவது எப்படி, பழுது பார்க்கும் இடம் எங்கே, தங்கும் விடுதி எங்கே என்ற விவரங்கள் இருந்தன. கார் வைத்திருந்தவர்களே அப்போது பிரான்ஸில் சில ஆயிரம் பேர்தான். மக்கள் தைரியமாக அதிக தூரம் ஓட்டினால் டயர் தேயும், தேய்ந்தால் புது டயர் வாங்குவார்கள். "எங்கள் டயர் சிறந்தது" என்று கத்துவதைவிட இந்த வழி எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள். பின்னாளில் உணவகங்களைத் தரம் பார்த்து அந்தக் கையேடு கொடுக்கத் தொடங்கிய நட்சத்திரத்துக்காகத்தான் இன்று உலகத்துச் சமையல்காரர்கள் போட்டி போடுகிறார்கள்.

செக்குக் கடைக்கு அந்தக் கையேடு எது? வாடிக்கையாளர்கள் ஃபோனில் கேட்கும் கேள்விகள்தான். மார்கழியில் பெங்களூரிலிருந்தோ ஊட்டியிலிருந்தோ ஒருவர் கூப்பிட்டு, "தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிட்டது, மெழுகு கலந்திருக்கிறீர்களா?" என்று கோபமாகக் கேட்பார். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். அது அதன் இயல்பு. இதை ஒருவருக்கு ஃபோனில் சொல்வதோடு நிறுத்தாமல், ஒரே பாட்டிலைக் காலையில் உறைந்த நிலையிலும் மதியம் உருகிய நிலையிலும் படமெடுத்து, நான்கு வரி எழுதிப் போட்டால் அதுதான் உண்மையான கன்டென்ட். உங்களிடம் வாங்காதவரும் அதைத் தன் அக்காவுக்கு அனுப்புவார். கார்த்திகை கடைசியில் போட்டால் மார்கழி முழுக்க உங்கள் ஃபோனும் கொஞ்சம் ஓய்வாக இருக்கும்.

இப்படி இன்னும் எத்தனையோ: அடியில் ஏன் கசடு தங்குகிறது, வடை சுடும்போது ஏன் நுரைக்கிறது, எள் ஆட்டும்போது ஏன் கருப்பட்டி போடுகிறார்கள், விலை ஏன் கடை எண்ணெயைவிட அதிகம். கடைசிக் கேள்விக்கு, தராசில் எள்ளை நிறுத்து, ஆட்டி, வந்த எண்ணெயையும் மிஞ்சிய புண்ணாக்கையும் அளந்து காட்டும் ஒரே ஒரு பதிவு, நூறு "தள்ளுபடி" அறிவிப்புகளைவிடப் பேசும் என்று உறுதியாக நம்புகிறேன்.

காலை வணக்கப் படங்களையும் பண்டிகை வாழ்த்துகளையும் குறை சொல்ல மனம் வரவில்லை. அவை மரியாதை, பழக்கம். ஆனால் அவை உங்கள் எண்ணெயைப் பற்றி எதையும் சொல்வதில்லை, அதே படத்தை எதிர்க்கடைக்காரரும் போடுகிறார். வாழ்த்து சொல்லுங்கள், ஆனால் அதையே வாரம் முழுவதற்குமான வேலையாகக் கணக்கில் எழுதாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை மட்டும். "சர்க்கரை நோய் தீரும்", "மூட்டுவலி போகும்" என்று உணவுப் பொருளுக்கு எழுதாதீர்கள். உணவு விளம்பரங்களிலும் உரிமைகோரல்களிலும் எதைச் சொல்லலாம் என்பதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் விதிமுறைகள் கொண்டுவந்திருக்கிறது. விதியை விடுங்கள், நோயாளி ஒருவர் அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பொறுப்பை எந்தக் கடை தாங்கும்?

படம் எப்படிச் சான்றாகிறது?

நல்ல படம் என்றால் விலையுயர்ந்த கேமராவில் எடுத்த படம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பார்ப்பவர் தெரிந்துகொள்ள விரும்பியதை ஐயமில்லாமல் காட்டுவதே சிறுதொழிலுக்கு நல்ல படம். எண்ணெய் வாங்குபவர் நிறத்தைப் பார்க்க விரும்புகிறார், தெளிவைப் பார்க்க விரும்புகிறார், எங்கே யார் ஆட்டுகிறார்கள் என்று பார்க்க விரும்புகிறார். வாகை மர உரலின் உட்புறம் எண்ணெய் ஊறிக் கறுத்திருப்பது, கருப்பட்டித் துண்டு எள்ளுக்குள் விழுவது, புண்ணாக்கு விளிம்பில் சுருண்டு வருவது, வெயிலில் வைத்த பாத்திரத்தில் எண்ணெய் தெளிந்து அடித்தட்டு தெரிவது: இவற்றை வாசலில் நின்று எட்டிப் பார்க்க முடியாத தூரத்து வாடிக்கையாளருக்கு ஃபோன் படம் காட்டிவிடுகிறது.

இதனால்தான் ஸ்டாக் படம் இங்கே உதவாது. ஸ்டாக் படம் என்பது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்த ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் பொதுப் படம். அழகாகத்தான் இருக்கும். ஆனால் வெளிநாட்டு மேசை மேல் ஆலிவ் எண்ணெய்க் குடுவையைக் காட்டி எங்கள் நல்லெண்ணெய் என்றால் அது எதற்குச் சான்று? செயற்கை நுண்ணறிவு வரைந்து கொடுக்கும் படத்துக்கும் இதே கேள்விதான். வாழ்த்து அட்டைக்கோ, அறிவிப்பின் ஓர அலங்காரத்துக்கோ அதைப் பயன்படுத்தலாம். "எங்கள் செக்கு" என்று சொல்லி, இல்லாத செக்கைக் காட்டுவது வாடிக்கையாளரிடம் பொய் சொல்வதுதான். அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

சரி, பாட்டிலைப் படமெடுப்பது எப்படி? ஃபோன் போதும். முதலில் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். செக்குக் கடையில் எல்லார் விரலிலும் எண்ணெய் இருக்கும், படம் பனிமூட்டமாக வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான். ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் ட்யூப் லைட்டும் கலந்தால் நிறம் ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் மஞ்சளாகவும் வரும். நேர் வெயில் விழாத ஜன்னலோரத்தில் பாட்டிலை வைத்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தோ சற்றுப் பின்னாலிருந்தோ வரும்படி நில்லுங்கள். முன்னால் இருந்து வரும் வெளிச்சத்தில் கண்ணாடி பளபளக்கும், எண்ணெய் தெரியாது. பின்னாலிருந்து வந்தால் எண்ணெய்க்குள் ஒளி புகுந்து, அதன் நிறமும் தெளிவும் தானாக வெளிப்படும். நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டையை நிறுத்தினால் லேபிள் எழுத்தும் படிக்கத் தெரியும்.

ஃபோனைப் பாட்டிலின் நடு உயரத்துக்கு இறக்குங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் பாட்டிலின் தலை பெருத்து அடி சிறுத்துவிடும். விரலால் ஸூம் செய்யாமல் நீங்களே அருகே போங்கள். திரையில் லேபிள் மேல் தொட்டு ஃபோகஸ் செய்து, வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். ஒரே கோணத்தில் ஐந்தாறு படங்கள் எடுத்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்தபின் திருத்தும்போதுதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். ஃபில்டர் போட்டால் நல்லெண்ணெய் தங்கமாக மின்னும். பார்க்க ஆசையாக இருக்கும். அதை நம்பி ஐந்து லிட்டர் டின் வாங்கியவர் வீட்டில் திறந்து பார்க்கும்போது எண்ணெய் சற்றுக் கருமையாக இருக்கிறது. உங்கள் எண்ணெய் சுத்தமானதுதான். ஆனால் அவர் மனத்தில் எழும் முதல் எண்ணம் கலப்படம். எந்தச் சந்தேகத்தை நீக்கப் படம் எடுத்தீர்களோ, அதே சந்தேகத்தைப் படமே உண்டாக்கிவிட்டது. கையில் பாட்டிலை வைத்துக்கொண்டு திரையோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றுபோல இருக்கும் வரைக்கும் மட்டும் திருத்துங்கள். சேலை விற்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். திருப்பி அனுப்பப்படும் சேலைகளோடு "நிறம் படத்தில் பார்த்தது போல் இல்லை" என்ற புகாரும் சேர்ந்து வருவதை அந்தத் தொழிலில் இருப்பவர்கள் நன்றாக அறிவார்கள்.

படத்தின் மேல் எழுதுவதைக் குறையுங்கள். பெயர், நான்கு ஃபோன் எண், முகவரி, தள்ளுபடி, சாமி படம் எல்லாம் ஒரே சதுரத்துக்குள் நெருக்கியடித்தால், ஆறங்குலத் திரையில் ஒன்றும் படிக்க முடியாது. படம் காட்டட்டும், கீழே உள்ள எழுத்து சொல்லட்டும்.

அளவும் தெளிவும்

டிஜிட்டல் படம் சிறு சிறு நிறப் புள்ளிகளால் ஆனது. ஒரு புள்ளிக்கு பிக்சல் என்று பெயர். புள்ளிகள் குறைந்தால் படம் பெரிதாக்கும்போது கட்டம் கட்டமாக உடையும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது வேகத்துக்காகப் படம் சுருக்கப்படுகிறது. அந்தச் சுருங்கிய படத்தை அச்சகம் ஃப்ளெக்ஸ் பேனராக அடித்தால் முகமே தெரியாது. அச்சுக்கோ வடிவமைப்பாளருக்கோ அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள், மூலப் படம் அப்படியே போகும். எடுத்த மூலப் படங்களை மாதவாரியாக ஒரு ஃபோல்டரில் சேமிப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இடத்துக்கு இடம் தேவை மாறும். அமேசானில் முதன்மைப் படம் தூய வெள்ளைப் பின்னணியில், பொருள் சட்டகத்தில் 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. இன்ஸ்டாகிராமில் 1080க்கு 1350 பிக்சல் என்ற நெடுக்குப் படம் திரையில் அதிக இடம் பிடிக்கும். சொந்த இணையதளத்தில் மட்டும் படத்தைச் சுருக்கித்தான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் கிராமத்து நெட்வொர்க்கில் பக்கம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார். அங்கே படத்துக்கு மாற்று உரை எழுதும் இடமும் இருக்கும். படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். பார்வையற்றவர்களின் ஃபோன் அதைப் படித்துக் காட்டும், தேடுபொறிகளுக்கும் படம் எதைப் பற்றியது என்று புரியும்.

படம் யாருடையது, பெயர் யாருடையது?

கூகுளில் தெரியும் படம் பொதுச்சொத்து இல்லை. எடுத்தவருக்கு அதில் பதிப்புரிமை உண்டு. இந்தியாவில் ஒளிப்படத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும். நீங்கள் பணம் கொடுத்து ஒரு ஒளிப்படக்காரரை எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமையாளர் நீங்கள்தான். இருந்தாலும் பில்லிலேயே இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்வது பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

பெயரும் சின்னமும் வேறு சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றைப் பதிவு செய்வதற்கு வணிகச் சின்னப் பதிவு என்று பெயர். சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பு, மசாலாப் பொடி 30ஆம் வகுப்பு. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். தனிநபர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் கட்டணச் சலுகை உண்டு. வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியைப் பதிவு கிடைத்தபின் மட்டுமே பயன்படுத்த வேண்டும். "சுத்தமான செக்கு எண்ணெய்" போலச் சரக்கின் தன்மையை மட்டும் விவரிக்கும் பெயருக்குப் பதிவு கிடைப்பது கடினம். ஆகவே லேபிள் பத்தாயிரம் அடித்தபிறகு யோசிக்காமல், பெயர் வைக்கும்போதே வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் அதே பெயரில் யாராவது இருக்கிறார்களா என்று தேடிவிடுங்கள். தேடுவதற்குச் செலவில்லை.

பலன் தெரிகிறதா?

லைக் எண்ணிக்கையைப் பார்த்துச் சந்தோஷப்படுவதும் சோர்ந்துபோவதும் இயல்பு. ஆனால் லைக் போட்டவர்களில் பலர் உறவினர்கள், சக கடைக்காரர்கள். செக்குக் கடைக்கு அதைவிட நம்பகமான கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கிறது: ஆர்டர் நோட்டு. அதில் இரண்டு கட்டங்கள் கூடுதலாகப் போடுங்கள். ஒன்றில் "எங்களை எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கு வந்த பதிலை எழுதுங்கள். மற்றதில் இது எத்தனையாவது ஆர்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் வருகிறார்கள், ஆனால் இரண்டாவது முறை திரும்பவில்லை என்றால், படம் ஒன்றைச் சொல்லிச் சரக்கு வேறொன்றாக இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பழையவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள், புதியவர்கள் மட்டும் வருவதில்லை என்றால், சரக்கு நன்றாக இருக்கிறது, வெளியில்தான் தெரியவில்லை. அப்போது படத்துக்கும் எழுத்துக்கும் செலவிடும் நேரத்தைக் கூட்டலாம்.

எள் விவசாயப் பொருள். ஒரு போகத்து எள்ளைப் போல அடுத்த போகத்து எள் இருப்பதில்லை. எண்ணெயின் நிறமும் மணமும் சற்று மாறும். அப்படி மாறும்போது பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதிய எண்ணெயைப் படமெடுத்து, "இந்த முறை எள் வேறு ஊரிலிருந்து வந்தது, நிறம் சற்று வெளிறியிருக்கும்" என்று எழுதிப் போடுங்கள். ஆர்டர் எடுக்கும்போது ஃபோனிலும் அதையே சொல்லுங்கள்.